பீரோ சாவியை வைத்திருக்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

காணும் பொங்கலன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மே லீவுல சிங்கப்பூர் போலாம்னு இருக்கோம். நீங்களும் அத்தையும் வர்றீங்களா?" பதிலுக்கு நீங்களும் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அங்க என்ன வேலை?" அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள். காலையில்தான் அதே வயலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருந்தீர்கள்.

நேரில் பேசினால் மறுபடியும் வயலுக்குப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் பிள்ளை போனில் படித்துக் காட்டுவான், கண்ணாடி தேடவேண்டிய அவசியமில்லை.

"அங்க என்ன வேலை" என்பது நம் பக்கத்தில் நியாயமான கேள்விதான். மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரை எந்தத் தெருவில் நின்று "அவர் பயணம் போயிருக்கார்" என்று சொன்னாலும் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பயணம் என்றாலே அக்கரையில் வேலை. திரும்பி வந்தால் சபுராளி. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட நகையை வைப்பது, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பிடிப்பது, கண்ணாடிக்கு வெளியே நின்று அழுவது, இவ்வளவும் சேர்ந்துதான் நமக்கு வெளிநாடு. சும்மா பார்த்துவிட்டு வருவது என்றால் வேளாங்கண்ணி, பழனி, மிஞ்சிப்போனால் ஊட்டி. கடல் தாண்டிப்போய் சும்மா பார்ப்பதற்கு நம் வீட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது.

நீங்களே ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னீர்கள். "அவ்வையாரு திரைகடலோடியும் திரவியம் தேடுன்னாங்க. திரைகடலோடி செல்ஃபி எடுன்னு சொல்லலை." பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சார் கடன் வாங்கித் தாய்லாந்து போய்வந்தார். யானை, படகு, ஓட்டல் காலைச் சாப்பாடு என்று இருநூறு படம் காட்டினார். தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஆனால் நான் கடன் வாங்கவில்லை மாமா. நாலு வருஷம் சீட்டுக் கட்டி, போன புரட்டாசியில் எடுத்த பணம். அதை வைத்து மாடியில் ஒரு ரூம் போட்டிருக்கலாம் என்பீர்கள். போட்டிருக்கலாம்தான்.

அம்மாவுக்கு வருத்தம் வேறு. வாசலில் இறங்குகிறவரை "எங்க போற" என்று கேட்கக்கூடாது, "தூரமா" என்றுதான் கேட்கவேண்டும் என்று வளர்த்தவள் அவள். "போய்ட்டு வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல? நாலு மாசத்துக்கு முன்னாடியே ஊரைக்கூட்டிச் சொல்றியே" என்றாள். அரசுப் பள்ளி ஆசிரியை வெளிநாடு போவதென்றால் இலாகாவிடம் தடையின்மைச் சான்று வாங்கவேண்டும். நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலத்துக்குள் சத்துணவுக் கூடம் வரைக்கும் சேதி போய்விட்டது. கண் படுவதாக இருந்தால் அன்றைக்கே பட்டிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுது, படிக்கட்டும்" என்றார்.

நான் மூணாம் வகுப்பு படிக்கும்போது முதல் லீவில் ஊருக்கு வந்தீர்கள். 1997-ல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலமும் யார்ட்லி பவுடருமாக வாசம் அடிக்கும். எனக்கு ஒரு அஞ்சல் அட்டை கொடுத்தீர்கள், ஜுரோங் பறவைப் பூங்காவில் எடுத்த பஞ்சவர்ணக்கிளி படம். கூடவே ஒரு காசு. அதில் தமிழில் "சிங்கப்பூர்" என்று அடித்திருந்தது. வெளிநாட்டுக் காசில் நம் எழுத்து! நாலு மொழியில் எழுதியிருந்த அந்தக் காசை வகுப்பு முழுக்கக் காட்டினேன். அன்று ராத்திரி கொல்லையில் கட்டில் போட்டு அந்தப் பூங்காவைப் பற்றிச் சொன்னீர்கள். பத்து ஆள் உயரத்துக்கு மேலிருந்து விழும் அருவி, அதைச் சுற்றி ஒரு காடு, காட்டுக்கு மேலே வலை, அதற்குள் பறவைகள் கூண்டில்லாமல் பறக்கும், நாம் நடுவில் நடந்து போகலாம், ஒன்று உங்கள் தோளில் வந்து உட்கார்ந்தது. நான் எத்தனையோ வருஷம் அந்தப் பறவையை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம்தான் அத்தை சொன்னார். "அவரு எங்கடி போனாரு? ஒரு எடமும் பாத்ததில்ல. அந்தக் கார்டு முஸ்தபா கடையில வாங்குனது. கதையெல்லாம் கூட இருந்த பையன் சொன்னது."

எனக்குக் கோபம் வரவில்லை மாமா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் கூலி 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அப்போது ஒரு வெள்ளி 25 ரூபாய் அளவில் இருந்தது. ஏஜென்ட்டுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி, அம்மாச்சி வைத்தியம், சித்தி கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் ஓவர்டைம். மிச்சப் பாதியில் லாரி ஏறி லிட்டில் இந்தியாவிலிருக்கும் தேக்காவுக்கு வந்து, பணம் அனுப்ப வரிசையில் நின்று, போன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசி, பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்துப் புல்தரையில் நம்மூர்க்காரர்களோடு உட்கார்ந்து எழுந்தால் இருட்டிவிடும். பூங்கா டிக்கெட் வெள்ளியில் என்ன விலை என்று பார்த்து, அதை 25-ஆல் பெருக்கி, ஒரு மூட்டை அரிசி என்று நினைத்துத் திரும்பியிருப்பீர்கள். அதனால்தான் அட்டையை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள்.

23 வருஷம். பொங்கோலில் கம்பி கட்டினீர்கள். முழங்காலளவு சேற்றில் நின்று ஆரம்பித்து, பதினேழாவது மாடி வரைக்கும் கட்டி முடித்த வீட்டில் யார் குடிவந்தார்கள் என்று பார்த்ததில்லை. சாவி கொடுப்பதற்குள் உங்களை அடுத்த சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் பாப்பாவுக்கு இதைச் சொன்னேன். சிங்கப்பூரில் பார்க்கவேண்டியவை என்று அவள் போட்டிருக்கும் பட்டியலில் இப்போது முதல் இடம் அதுதான், "மாமா தாத்தா கட்டின வீடு". எந்த பிளாக், எந்த நம்பர் என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் போன் வரைபடத்துக்குத் தெரியாது.

2020 பற்றி நீங்கள் பேசுவதில்லை. நானும் நீட்டப்போவதில்லை. ஏப்ரலில் கொரோனாவுக்காக விடுதியைப் பூட்டினார்கள், ஒரு அறையில் பன்னிரண்டு பேர், இரட்டை அடுக்குக் கட்டில். வீடியோ கால் போட்டால் உங்கள் முகத்துக்குப் பின்னால் மேல்கட்டிலின் பலகை மட்டும் தெரியும். "சாப்பாடு குடுக்குறாங்க, சம்பளம் வருது, ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்பீர்கள். அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஐப்பசியில் விமானம் கிடைத்து வந்தீர்கள். அன்றிலிருந்து ஊரைவிட்டு வெளியே எதற்கும் நகர்வதில்லை. அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு வருவது கோபமா, அலுப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காணும் பொங்கலன்று "அங்க என்ன வேலை" என்று நீங்கள் கேட்டபோது எனக்கு இது எதுவுமே ஞாபகம் வரவில்லை. மாமா கஞ்சம் என்று நினைத்தேன். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள், வயலிலிருந்து திரும்பி வந்து கால் கழுவும்போது. "நம்மூரையே முழுசா பாக்கல, வெளிநாடாம்." வாஸ்தவம். மன்னார்குடி மதிலழகு என்று வசனம் சொல்கிறோம், அந்த மதிலை ஒட்டி பஸ்ஸில் போகிறோம், அவ்வளவுதான். முத்துப்பேட்டை அலையாத்திக்காடு நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அதில் நீங்கள் படகு ஏறியதில்லை, அத்தை ஏறியதில்லை, நானும் கல்லூரி டூரில்தான் ஏறினேன். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? என் காதுகுத்துக்கு முன்னால் என்று அம்மா சொல்கிறாள். ஆக, உள்ளூரைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் வெளியூர் என்றால் நம் குடும்பத்தில் ஒருத்தரும் திருவாரூரைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. அலையாத்திக்காட்டுக்கும் வண்டி பிடிக்கிறேன். மாசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள்.

இப்போது அத்தை. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவர் எத்தனை தடவை வந்திருப்பார்? போக ஒன்று, வர ஒன்று என்று கணக்கு வைத்தால் இருபதுக்குக் குறையாது. ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. 2024 ஜனவரியில் புது டெர்மினல் திறந்தார்களே, சுவரெல்லாம் கோபுரமும் கோலமும் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "உள்ள இருந்து பாத்தா வெளிய நிக்கிறவங்க தெரிவாங்களாடி?" உங்களிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்.

2009-ல் அவருக்கு பாஸ்போர்ட் எடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாசம் சுற்றிப்பார்க்கும் விசாவில் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வேலை பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாதே, அதனால் ஒரு மாசம். அந்த வருஷம் மழையில் ஓட்டு வீடு இறங்கியது, பணம் தளத்துக்குப் போனது. பாஸ்போர்ட் பீரோவுக்குப் போனது. அதை அத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். கல்யாணப் புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசத்தோடு, பிளாஸ்டிக் உறையில். படத்தில் காதில் பெரிய ஜிமிக்கி, முகத்தில் பயம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று கடைசிவரை புரட்டினேன். ஒரு முத்திரை கிடையாது. 2019-ல் காலாவதி.

இனி திட்டத்தைச் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அஞ்சு ராத்திரி. விசா இங்கேயே ஏஜென்ட் மூலமாக. இந்தத் தடவை ஏஜென்ட்டுக்கு நகை வைக்கத் தேவையில்லை. போவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்குவது தேக்கா பக்கம்தான். காலையில் வீரமாகாளியம்மன் கோயில், இட்லி, அப்புறம் வெயில் ஏறுவதற்குள் தாவரவியல் பூங்கா. 1859-ல் ஆரம்பித்தது, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், உள்ளே போகக் காசு வாங்குவதில்லை. ராத்திரி மெரினா பே பக்கம் மரம் மாதிரி கட்டின இரும்புக் கோபுரங்களில் விளக்கு ஆட்டம், அதுவும் இலவசம். மீதி நேரத்தில் எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்காருவோம், புல்தரை என்றாலும் சரி.

அத்தைக்கு ஒரு சங்கடம் உண்டு. மெல்லும் புகையிலையை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. அஞ்சு நாள் வெறும் வெற்றிலை பாக்குதான். சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அஞ்சு நாள்தானே" என்றார். முப்பது வருஷமாக நீங்கள் சொல்லிக் கேட்காதவர்!

அந்த ஜுரோங் பூங்கா இப்போது கிடையாது மாமா. 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். பறவைகளை மண்டாய் பக்கம் புதுப் பூங்கா கட்டி அங்கே மாற்றிவிட்டார்கள். ஆகவே அந்தப் புதுப் பூங்காவை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. டிக்கெட் நான் எடுக்கிறேன். வெளியே போட்டிருக்கும் விலையைப் படித்துப் பெருக்கல் போடக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

நீங்கள் வரமாட்டேன் என்றால் இழுக்கமாட்டேன், 23 வருஷம் போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அத்தை வருகிறார். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, மோட்டார் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். இட்லி மாவு அஞ்சு நாளைக்கு அரைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாராம்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் அவருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், கட்டணம் 1,500 ரூபாய் கட்டியாயிற்று. படம் அங்கேயே எடுத்துவிடுவார்கள். ஆதாரும் பழைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கவேண்டும். ஆதார் அவர் பர்ஸில் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட் பீரோவில். காணும் பொங்கலுக்கு மறுநாளிலிருந்து பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருப்பதாகக் கேள்வி.

திங்கட்கிழமை சாயங்காலம் வருகிறேன். சாவியைத் திண்ணை மாடத்தில் வைத்துவிட்டு நீங்கள் வயலுக்குப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்