காருக்கு அடியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய ஃபார்முலா 1 அணிகள் சீசன் தொடக்கத்தில் ஏன் சறுக்குகின்றன என்று சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் இடம் கிடைக்காத காலத்தில் கார் பந்தயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை சொன்ன காரணம் எனக்கு ஒப்பவில்லை. 2022-ல் மெர்சிடிஸ் திணறியதற்கும் 2025-ல் ஃபெராரி திணறியதற்கும் முதலில் மெர்சிடிஸிலும் பிறகு ஃபெராரியிலும் ஓட்டிய லூயிஸ் ஹாமில்டனின் வயதையும், ஓட்டுநர்களுக்கு இடையே இருந்ததாகச் சொல்லப்படும் புகைச்சலையும் காட்டி முடித்துவிட்டார் கட்டுரையாளர். காரைப் பற்றி நாலு வரி கூட இல்லை.

நான் முத்தியால்பேட்டையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன். ரேஸ் காரைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது என்ன பாடு படுத்தும் என்று தினமும் பார்க்கிறேன். பையன்கள் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்திவிடுவார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஈசிஆரில் முதல் வேகத்தடையிலேயே அடியில் தட்டும். முன் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். அப்புறம், “அண்ணே, பழையபடி ஏத்திக் குடுத்துடுங்க” என்று வந்து நிற்பார்கள்.

மெர்சிடிஸ் மாட்டிக்கொண்டதும் இந்த உயர விஷயத்தில்தான். 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றவர்கள் அவர்கள். 2022-ல் விதிகள் அடியோடு மாறின. 1983-ல் காரின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து இல்லாமல் போன ஒரு வித்தை திரும்ப வந்தது. காருக்கு அடியில் இரண்டு பெரிய வாய்க்கால் போல வடிவமைத்து, அதன் வழியே பாயும் காற்று காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்வார்கள். கார் எவ்வளவு தாழ்வாக ஓடுகிறதோ அவ்வளவு பிடிமானம். ஆனால் வேகம் ஏற ஏறக் கார் இன்னும் கீழே இழுக்கப்படும். ஒரு கட்டத்தில் இடைவெளி மிகவும் குறுகிக் காற்றோட்டம் அறுந்துவிடும். உடனே பிடி விட்டுக் கார் மேலே எழும். எழுந்ததும் காற்று மறுபடி பாயும், கார் மறுபடி இறங்கும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். 2022 பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு நேர்பாதையில் ஹாமில்டனின் தலைக்கவசம் குலுங்கிய குலுங்கல் நினைவிருக்கும். அந்த ஜூனில் பாகு பந்தயம் முடிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து அவர் இறங்கியதை வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் என்ன சொல்வது? அந்தக் குலுக்கல் உடம்பைக் கெடுக்கும் என்று பயந்து, பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவே அதற்கு அளவுகோல் வைத்தது. ஆகஸ்டில் பெல்ஜியம் பந்தயத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம் எல்லா அணிகளும் காரின் அடிப்பாகமான தரைத்தட்டின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று.

குலுக்கலை நிறுத்த வழி உண்டு. காரை உயர்த்தினால் போதும். ஆனால் மெர்சிடிஸ் காரின் வேகம் எல்லாம் தாழ்வாக ஓடும்போதுதான் இருந்தது. உயர்த்தினால் மற்றவர்கள் கடந்து போய்விடுவார்கள், தாழ்த்தினால் ஓட்டுநரின் முதுகு போகும். ஜெட்டாவில், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே ஹாமில்டன் வெளியேறினார். இமோலாவில் பதிமூன்றாவதாக முடித்தார். ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் அவரை ஒரு முழுச் சுற்று முந்தினார். அன்று அணித் தலைவர் டோட்டோ வுல்ஃப் ரேடியோவிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார், இது ஓட்டவே முடியாத கார் என்று ஒப்புக்கொண்டு. முதலாளியே காரைக் குறை சொன்ன பிறகு நாம் ஏன் ஓட்டுநரைக் குறை சொல்ல வேண்டும்?

இவ்வளவு பெரிய அணிக்கு இது முன்கூட்டியே தெரியாமல் போனது எப்படி என்றுதான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும். விதிப்படி, விண்ட் டனலில், அதாவது காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடத்தில் வைக்கும் மாதிரிக் கார் நிஜக் காரில் 60 சதவீத அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காரை ஒரு தண்டில் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். நிஜ சஸ்பென்ஷனின் ஆட்டம் அங்கே கிடையாது. குலுக்கல் வந்ததோ அதைவிட வெகு அதிகமான வேகத்தில். கணினி காட்டிய எண்கள் அபாரமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டைக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சுருக்கிய அந்த வடிவத்தை பஹ்ரைன் சோதனைக்கு அவ்வளவு தைரியமாகக் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். அதில் இருந்த நம்பிக்கையால் 2023-லும் அதே வழியில் போனார்கள். முந்தைய நவம்பரில் பிரேசிலில் ஹாமில்டனின் அணித்தோழர் ரஸ்ஸல் ஜெயித்ததுதான் அவர்களை ஏமாற்றியது என்பது என் கணிப்பு. 2023-ன் முதல் பந்தயத் தகுதிச் சுற்று முடிந்ததுமே இந்த வழி சரிவராது என்று வுல்ஃப் சொல்லிவிட்டார். ஆனாலும் மாற்றிய பக்கவாட்டுடன் கார் வந்தது மே மாதம் மொனாக்கோவில்தான்.

அந்தத் தாமதத்துக்கும் காரணம் உண்டு. முன்பெல்லாம் தப்பு நடந்தால் பணத்தைக் கொட்டிச் சரிசெய்வார்கள். 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு; 2022-ல் அடிப்படை வரம்பு 14 கோடி டாலர். அதோடு விண்ட் டனல் நேரத்திலும் கைவைத்துவிட்டார்கள். நிர்ணயித்த நேரத்தில் சாம்பியனுக்கு 70 சதவீதம், பத்தாவது இடத்து அணிக்கு 115 சதவீதம். ஜெயிக்க ஜெயிக்க ஆராய்ச்சி நேரம் குறையும். 2021 டிசம்பரில் அபுதாபி கடைசிச் சுற்று வரை பட்டத்துக்காக முட்டி மோதிய அணி, அடுத்த வருடப் புத்தம்புதுக் காரைக் குறைந்த நேரத்தில் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்த விதியை நான் குறை சொல்லவில்லை, பின்தங்கியவர்களும் மேலே வரட்டும். ஆனால் பெரிய அணி பழைய வேகத்தில் எழுந்துவிடும் என்று எதிர்பார்ப்பதை நாம்தான் விட வேண்டும்.

கட்டுரையாளர் ஒரு கேள்வி கேட்கலாம்: அதே காரில் ரஸ்ஸல் இமோலாவில் நாலாவதாக வந்தாரே? வந்தார். அந்த வருடம் 275 புள்ளிகள் எடுத்து ஹாமில்டனின் 240-ஐத் தாண்டினார். நான் மறுக்கவில்லை. ஆனால் சீசனின் முதல் பாதியில் விதவிதமான செட்டப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் ஹாமில்டன் காரில்தான் நடந்தது. கனடாவோடு அதைக் குறைத்துக்கொண்டதாக அவரே சொன்னார். அதற்கப்புறம் அவர் வரிசையாக மேடை ஏறியதைக் கட்டுரை கண்டுகொள்ளவில்லை.

ஓட்டுநர்தான் காரணம் என்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி மெக்லாரன். 2023 மார்ச், பஹ்ரைன்: காற்றழுத்தக் கசிவால் அவர்களின் ஓட்டுநர் நாரிஸ் ஆறு முறை பிட்டுக்குள் (அணியினர் காரைச் சரிபார்க்கும் இடத்துக்குள்) வந்து 17-வதாக முடித்தார். இன்னொரு ஓட்டுநர் பியாஸ்ட்ரி பாதியிலேயே நின்றுவிட்டார். நினைத்த அளவுக்குக் கார் தயாராகவில்லை என்று அறிமுக நாளன்றே அணி சொல்லியிருந்தது. ஜூலையில் ஆஸ்திரியாவில் புதிய தரைத்தட்டும் பக்கவாட்டும் வந்தன. அடுத்த வாரம் சில்வர்ஸ்டோனில் அதே நாரிஸ் இரண்டாவது, அதே பியாஸ்ட்ரி நாலாவது. நாலு மாதத்தில் யாரும் ஓட்டக் கற்றுக்கொண்டு வரவில்லை. 2024-ல், 1998-க்குப் பிறகு முதன்முறையாக அணிகளுக்கான பட்டமும் அவர்களுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா பெரியவர் இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்ஸின் ஆல்பீன் அணியைத் தவிர வேறு எதையும் கார் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். 2024-ன் முதல் தகுதிச் சுற்றில் அந்த அணியின் ஒகோனும் கேஸ்லியும் 19, 20 என்று கடைசி வரிசையில் நின்றபோது, “ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும்பா” என்று கொதித்தார். எடை கூடிப்போன கார் அது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நவம்பரில் பிரேசில் மழையில் அந்த இருவரும் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்த மறுநாள் எனக்கு லட்டு கொடுத்தார், பழைய பேச்சை எடுக்காமல்.

ஃபெராரி 2025 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கேயும் உயரம்தான். சீனாவில் சனிக்கிழமை நடந்த ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தை ஹாமில்டன் ஜெயித்தார். ஞாயிறு பந்தயத்துக்குப் பிறகு அவர் காரின் அடிப்பலகை, குறைந்தது 9 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டியது, அதற்கும் கீழே தேய்ந்திருந்ததாகத் தகுதிநீக்கம். அணியின் இன்னொரு ஓட்டுநர் லெக்லேர் காருக்கு எடை குறைவு, அதுவும் தகுதிநீக்கம். தரையோடு உரசி ஓடினால்தான் வேகம், உரசினால் பலகை தேயும். பின் சஸ்பென்ஷனை மாற்றிக் கொண்டு வரவே ஜூலை ஆகிவிட்டது. அந்த வருடம் முழு நீள கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றைக்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை, ஹாமில்டனும் இல்லை, அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான லெக்லேரும் இல்லை. அதே வருடம் ரெட் புல்லைப் பாருங்கள்: வெர்ஸ்டாப்பனுக்குத் துணையாக வந்த லாசன் சரிவரவில்லை என்று இரண்டே பந்தயத்தில் அவரை மாற்றி ட்சுனோடாவை உட்கார வைத்தார்கள். அவரும் அதே காரில் திணறினார். வெர்ஸ்டாப்பனால் மட்டும் எப்படி முடிந்தது என்பதற்குத் தனிக் கட்டுரையே போடலாம்.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011-லும் 2012-லும் மெல்போர்னில் 107 சதவீத விதியால் (தகுதிச் சுற்றில் முதலிடத்தின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் பின்தங்கக் கூடாது என்ற விதி) பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியாமல் போனது. இரண்டு முறையும் அவர் ஓட்டிய எச்ஆர்டி அணியின் இன்னொரு காருக்கும் அதே கதிதான். அவருக்கு ஓட்டத் தெரியாது என்று அப்போது இங்கே டீக்கடையில் பேசியவர்கள் இருந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பந்தயத்தின் வெள்ளிக்கிழமையும், எந்த அணி எந்தப் பாகத்தை ஏன் மாற்றியிருக்கிறது என்ற பட்டியலை எஃப்ஐஏ வெளியிடுகிறது. ஓட்டுநர்களுக்கு மார்க் போடும் பெட்டிச் செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பட்டியலைத் தமிழில் சுருக்கிப் போடுங்கள். பந்தயம் தொடங்கும் முன் படித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவோம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகர்,
புதுச்சேரி.