ஆறுதல் என்னும் ஒரு சொல்

காட்பாடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம் என்றுதான் வழக்கமாகத் தொடங்குவேன். அப்பாவைப் பொறுத்தவரை அந்தச் சொல் இந்த வாரம் முழு உண்மையாக இல்லாததால் போனில் பேசாமல் கடிதமாக எழுதுகிறேன். போனில் என்றால் நீ இடையில் ஒன்று கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லப்போய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதி முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

கையால் சக்தியைச் செலுத்திக் குணப்படுத்துவதாகச் சொல்லும் அந்த ஜப்பானிய ரெய்கி முறையில் இரண்டாம் நிலைத் தீட்சை வாங்கியிருப்பதாகவும், இனி தினமும் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு அப்பாவின் சர்க்கரைக்காக டொராண்டோவிலிருந்தே சக்தி அனுப்பப்போவதாகவும் இரண்டு வாரத்துக்கு முன் சொன்னாய் அல்லவா? அன்று முதல் அப்பா எட்டரைக்குள் சாப்பிட்டு, கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பதினைந்து நிமிடம் டிவி ஓடக்கூடாது, நான் பாத்திரம் உருட்டக்கூடாது. முன்னைவிட நன்றாகத் தூங்குகிறார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை மாத்திரை டப்பாவை நிரப்ப எடுத்தபோது, இரவு மாத்திரை அட்டையில் ஒன்பது மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. கேட்டதற்கு, "பாப்பாதான் அனுப்புதே, அது போதும்னு தோணிச்சு" என்றார். நேற்று இரவு என் கையால் கொடுத்து விழுங்க வைத்தேன். இன்று காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் 212. போன மாதம் 128 இருந்தது.

மாத்திரையை நிறுத்து என்று நீ சொல்லியிருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ தொட்டிருக்கும் விஷயத்தை முப்பத்து நான்கு வருடம் வார்டில் நின்ற ஒரு நர்ஸாகவும், ஒரு நாட்டு வைத்தியரின் மகளாகவும் நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். அதில் பாதி எனக்குப் புதிதல்ல. ஜப்பானியர் கி என்கிறார்கள், சீனர் சி என்கிறார்கள், நாம் பிராணன் என்கிறோம். உன் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து நாடி பார்க்கும்போது, ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை பிடித்து, ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று உணர்ந்து, அவை ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடந்தால் உடம்பு சரி என்பார். வாயு பத்து என்று எனக்கு மனப்பாடம் செய்வித்தவரும் அவர்தான். மூச்சை நடத்துவது பிராணன், கழிவைக் கீழே தள்ளுவது அபானன், உண்டதைச் செரிக்க வைப்பது சமானன், ஏப்பமாகவும் வாந்தியாகவும் மேலே எழுப்புவது உதானன், உடம்பெங்கும் பரவி நிற்பது வியானன். இப்படியே போய், இமை கொட்டுவதற்குக் கூர்மன், கொட்டாவிக்குத் தேவதத்தன், உயிர் போன பின்னும் உடம்பிலேயே தங்கி அதை வீங்க வைத்து மூன்றாம் நாள் வெளியேறுவதற்குத் தனஞ்செயன். நர்ஸ் வேலைக்கு வந்து, பிணவறையில் ஓர் உடலைக் கண்ட முதல் நாள் எனக்குத் தனஞ்செயன் நினைவுக்கு வந்தான். அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று வியந்தேன். ஒன்றை மட்டும் அன்றே உணர்ந்தேன்: கண்ணால் கண்ட ஒவ்வொரு செயலுக்கும் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரையே ஒரு பொருளாக்கி, குழாயில் தண்ணீர் போல அது ஓடுகிறது, அடைக்கிறது, கையால் தள்ளிவிடலாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். சக்கரங்கள் எனப்படும் ஆறு ஆதாரங்களையும், சக்தி ஓடும் வழிகளாகச் சொல்லப்படும் எழுபத்திரண்டாயிரம் நாடிகளையும் பற்றி உன் குறிப்பில் உள்ளதற்கும் இதே பதில்தான் என்பதால் அதை நீட்டவில்லை.

உடல், மனம், வாழும் சூழல் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற முழுமை நலக் கருத்தில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நோய் இல்லாதிருப்பது மட்டும் நலமல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1948லேயே தன் சாசனத்தில் வைத்துவிட்டது. அந்த ‘ஹோலிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லை 1926ல் உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ். காந்தியைச் சிறையில் போட்டு, அவர் கையால் தைத்த செருப்பைப் பரிசாக வாங்கிக்கொண்ட அதே மனிதர். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் வாசனையில் வளர்ந்த நமக்கு அந்தச் செருப்புக் கதை பிடிக்கத்தான் செய்யும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது, நாங்கள் மேல்விசாரம் பக்கம் குடியிருந்தோம். ஒரு வாரமாக மாலை ஆனால் வீறிட்டு அழுவாய். காய்ச்சல் இல்லை, காதில் சீழ் இல்லை, வயிறு உப்பவில்லை. நானே பார்த்துவிட்டேன், டாக்டரும் பார்த்துவிட்டார். என் மாமியார், "மசூதிக்குத் தூக்கிட்டுப் போ" என்றார். அந்தி நேரத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் வாசலில், கைக்குழந்தையோடு ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நிற்போம். அதில் பாதிப் பேர் நெற்றியில் பொட்டு வைத்தவர்கள். வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் ஒவ்வொரு குழந்தையிடமும் நின்று, வாய்க்குள் ஏதோ ஓதி, உச்சியில் மெல்ல ஊதுவார். காசு கேட்டதில்லை, நீட்டினாலும் வாங்க மாட்டார். மூன்றாம் நாள் நீ அழாமல் தூங்கினாய். அந்த மூச்சில் என்ன இருந்தது என்று நான் அன்று கேட்கவில்லை. பயந்துபோயிருந்த இருபத்தாறு வயதுத் தாயின் தோள் அந்த வாசலில் தளர்ந்தது. தளர்ந்த தோளில் பிள்ளை அடங்கியது. அந்த அழுகை அத்தனை நாளில் தானாகவே நின்றிருக்கவும் கூடும். அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் எப்படியும் காய்ந்துவிடும் கொப்புளம் அது, பெயர் மட்டும் காவிக்குப் போகும்.

உன் ரெய்கியிலும் இந்தப் பெரியவரின் மூச்சில் இருந்தது இருக்கிறது என்றே நம்புகிறேன். மிக்காவோ உசுய் அதை ஜப்பானில் 1922ல் தொடங்கினார். ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாட்டா அம்மையார் 1930களில் அதைக் கற்று மேற்கே கொண்டு போனார். அவர் மாஸ்டர் தீட்சைக்கு 10,000 டாலர் வாங்கினார் என்பதைப் படித்தபோது, காசு வாங்காத நம் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். அதே 1922 ஜனவரியில், நீ இருக்கும் ஊரின் ஜெனரல் ஆஸ்பத்திரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு இன்சுலின் முதன்முதலாகப் போடப்பட்டது. இரண்டும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். சர்க்கரைக்கு எது தேவை என்பதை அந்தப் பையன் பிழைத்து எழுந்ததே சொல்லிவிட்டது.

சக்தியைக் கையால் உணர முடியும் என்று உன் குறிப்பு சொல்கிறது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, ஒன்பது வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். உடலைத் தொடாமல் கையை மேலே நகர்த்திச் சிகிச்சை செய்வோர் 21 பேரை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இரு கைகளையும் நீட்ட வைத்து, நாணயம் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைத்து, எந்தக் கை என்று கேட்டாள். 280 முறை கேட்டதில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 140 வந்திருக்கும். 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளிவந்தது. அந்த முறையை 1970களில் உருவாக்கிய டோலோரஸ் கிரீகர் ஒரு நர்சிங் பேராசிரியர்; நம் பிராணனைத்தான் அவரும் ஆதாரமாகச் சொன்னார். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் எனக்கு அது கொஞ்சம் வலிக்கிறது.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைவிட நுணுக்கமானது. 2011ல் பாஸ்டனில் ஆஸ்துமாக்காரர்கள் 46 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அதே ஆட்களுக்கு மாறி மாறி உண்மையான இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், குத்துவதுபோல் பாவனை செய்யும் அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாட்கள் எதையும் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, உண்மை மருந்தில் 50 சதவீதம் தேறியதாகச் சொன்னார்கள். வெறும் இன்ஹேலரில் 45, பாவனை ஊசியில் 46, சும்மா இருந்தபோது 21. ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தபோதோ, மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற மூன்றிலும் ஏறக்குறைய 7 மட்டுமே. அவர்கள் பொய் சொல்லவில்லை. நெஞ்சு லேசானது உண்மை. மூச்சுக்குழல் திறக்காமலேயே லேசானது. அப்பா நன்றாகத் தூங்குவதும் 212ம் ஒரே உடம்பில் எப்படி இருக்கின்றன என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் பிடிபட்டது.

உன் பெரிய மாமாவின் காலை நீ பார்த்திருக்கிறாய், கதையை முழுதாகக் கேட்டதில்லை. சர்க்கரையால் அவருக்கு உள்ளங்கால் தீயாய் எரியும். இரவெல்லாம் ஈரத் துணி சுற்றிக்கொண்டு படுப்பார். யாரோ சொல்லி, பிரபஞ்ச சக்தியால் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒருவரிடம் வாராவாரம் போனார். ஆறு மாதத்தில் எரிச்சல் நின்றது, மாத்திரையையும் நிறுத்தினார். பொங்கலுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, தரையில் ஈரத் தடம் பதிந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன லாட ஆணி மேலே ஏறி நின்றது. இரண்டு நாளாக அதன் மேல் நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. எரிச்சல் நின்றது நோய் தணிந்ததால் அல்ல, நரம்பு செத்ததால். இரண்டு விரல்கள் போயின.

இதை உலகத்துக்குச் சொன்னதே நம் ஊர்தான். கொல்லிமலையில் பிறந்து 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று இங்கேதான் கண்டுபிடித்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் அதையே சொன்னார். கரிகிரிப் பக்கம் அன்று தொழுநோயாளிகளுக்குப் போட்ட மிருது ரப்பர் எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று அப்பா போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறார். அதனால் வலி போனது என்று யாராவது மகிழ்ந்து சொன்னால், எனக்கு முதலில் அவர்கள் காலைப் பார்க்கத் தோன்றும்.

நம் தமிழில் புண் ஆறுவதற்கும் மனம் ஆறுவதற்கும் ஒரே சொல். வார்டில் நான் இரண்டையும் செய்திருக்கிறேன். அறுவைக்குப் போகுமுன் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன்; தலையை மெதுவாகத் தடவிக் கொடுத்திருக்கிறேன். நொடிக்கு 1 முதல் 10 செண்டிமீட்டர் வரையிலான மெதுவான தடவலுக்கே நன்றாகக் கிளர்ந்தெழும் தனி நரம்பு இழைகள் நம் தோலில் உண்டு என்று பிற்காலத்தில் படித்தேன்; அந்த வேகத்தைத் தாய்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்து நின்ற பிறகும் மயக்க மருந்து கொடுத்தோம், கட்டு மாற்றினோம், ஊசி போட்டோம். ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாகக் கொடுத்ததில்லை.

அதனால் ரெய்கியை விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மகள், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதைவிட அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம் இந்த வீட்டில் வேறு இல்லை. நீ பழகும் மெதுவான மூச்சும் உனக்கு நல்லதே. வேலைப் பளுவால் நெஞ்சு படபடக்கிறது என்று போன வருடம் அழுத பெண் நீ. படபடப்பு திரும்ப வந்தால் மட்டும் அங்கே டாக்டரிடம் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாகப் பார்க்க முடிவது அதில்தான்.

புதன்கிழமை அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்துவிடலாம். நான் சொன்னால், "நீ நர்ஸு, அப்படித்தான் சொல்லுவ" என்கிறார். ஆகையால் நாளை முதல் இரவு ஒன்பதுக்கு, உனக்கு அங்கே முற்பகல் பதினொன்றரை இருக்கும், தொடங்குமுன் வீடியோவில் கூப்பிடு. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, இரண்டு காலிலும் விரலிடுக்குகளைக் காட்டச் சொல். நீ கேட்டால் காட்டுவார். அதன்பின் உன் வேலையைத் தொடங்கு. அந்தப் பதினைந்து நிமிடம் நான் பாத்திரம் உருட்டாமல் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா