குத்துமதிப்பாக ஒரு பதில்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி–பதில் பக்கத்தில் ஒரு வாசகர் ‘வொர்த்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டிருந்தார். ‘வேல்யூ’வும் ‘வொர்த்’தும் ஒன்றுதான், இரண்டும் லத்தீன், பொருள் ‘மதிப்பு’ என்று இரண்டு வரியில் ஆளை அனுப்பிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது பதில் இல்லை, குத்துமதிப்பு.

லத்தீன் என்பது ‘வேல்யூ’வுக்கு மட்டும்தான் பொருந்தும். ‘வலேரே’ என்றால் பலமாக இருப்பது, உடம்பு நன்றாக இருப்பது. ரோமானியர்கள் பிரியும்போது ‘வலே’ என்பார்களாம், நாம் ‘நல்லா இரு’ என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. டிக்கெட் ‘வேலிட்’ இல்லை என்று டிடிஆர் சொல்வதும், நோயாளியை ‘இன்வேலிட்’ என்பதும் அந்தக் குடும்பத்துச் சொற்களே. (வலேரே என்றதும் நம் ‘வல்’, ‘வலிமை’யோடு முடிச்சுப் போட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி தயார் செய்ய யாருக்காவது கை அரிக்கும். ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது, விட்டுவிடுங்கள்.) 1066இல் பிரான்சின் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த கூட்டத்தில் ‘வேல்யூ’வும் ஒன்று.

‘வொர்த்’ அதற்கு முன்பே அங்கே குடியிருந்த சொல். ஜெர்மானியச் சொல், பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘வெர்ட்’ என்கிறார்கள், டச்சுக்காரர்கள் ‘வார்ட்’ என்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், கெனில்வொர்த் கோட்டை ஆகிய பெயர்களின் வாலில் இருக்கும் ‘வொர்த்’ இது இல்லை. அது வேலி போட்ட இடம், மனை என்று பொருள்படும் வேறு சொல்.

இரண்டும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். 1867இல் வந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தின் ஆரம்பத்திலேயே மார்க்ஸ் ஓர் அடிக்குறிப்பு போடுகிறார்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் ஒரு பொருளின் பயன்மதிப்பைச் சொல்ல ‘வொர்த்’ என்றும், சந்தையில் அது எதற்கு ஈடாக மாறும் என்பதைச் சொல்ல ‘வேல்யூ’ என்றும் எழுதுவது வழக்கம், நிஜத்தில் இருக்கும் பொருளுக்கு ஜெர்மானியச் சொல், அதன் நிழலுக்கு லத்தீன் வழி வந்த சொல், இது ஆங்கிலத்தின் சுபாவம் என்கிறார். உபரி மதிப்பு என்று நம் தோழர்கள் மேடையில் சொல்வதும் ஜெர்மனில் ‘மேர்வெர்ட்’தான், அதாவது கூடுதல் வொர்த். அதோடு ‘ஸ்டாயர்’ என்று வரியைச் சேர்த்தால் அந்த ஊர் வாட் வரி, அதாவது மதிப்புக் கூட்டு வரி. மார்க்ஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நான் முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் கவுண்டரில் போயிற்று. ஒரு ஆடி மாதம், ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பழைய அட்டிகையை எடுத்து வைத்தார். சிவப்புக் கல் வைத்தது, பின்பக்கம் அரக்கு. எங்கள் அப்ரைசர், அதாவது நகையை மதிப்பிடுகிறவர், அதை உரைகல்லில் ஓர் இழு இழுத்து, ஆசிட் விட்டுப் பார்த்துவிட்டு, தராசில் வைத்தார். இருபத்துநாலு கிராம் சொச்சம் காட்டியது. கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து பதினெட்டில் நிறுத்தினார். பாட்டி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், “எவ்வளவு பெறும் சாமி?”

விலை என்ன என்று அவர் கேட்கவில்லை, விற்க வரவில்லையே. மதிப்பு என்ன என்றும் கேட்கவில்லை. பெறும் என்றார். ‘வொர்த்’துக்குத் தமிழ் என்ன என்று உங்களிடம் கேட்ட வாசகருக்கு நான் தரும் பதில் அந்தப் பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல்தான். ஆங்கிலத்தில் ‘வொர்த்’ ஒரு விசித்திரமான பெயரடை, பக்கத்திலேயே ஒரு தொகையை நிறுத்தினால்தான் அதற்கு நிற்கக் கால் இருக்கும். நாம் அந்த இடத்தில் ஒரு வினைச்சொல்லை வைக்கிறோம்: ஆயிரம் பெறும், அந்தப் பேச்சு கால் காசு பெறாது. இலங்கைத் தமிழர்கள் இதிலிருந்தே ‘பெறுமதி’ என்று அழகான பெயர்ச்சொல் செய்து வைத்திருக்கிறார்கள். நம் மதிப்புக் கூட்டு வரி அங்கே ‘பெறுமதி சேர் வரி’. உங்கள் பதிலில் அதையாவது சேர்த்திருக்கலாம்.

அதற்காக ‘மதிப்பு’ தப்பான சொல் என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் ‘வொர்த்’தின் இன்னொரு முகத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. மதிப்பது என்றால் எடை போடுவதும்தான், மரியாதை கொடுப்பதும்தான். உங்களை ‘மதிப்புக்குரிய’ என்று மேலே எழுதியதும், உங்கள் பதிலைக் ‘குத்துமதிப்பு’ என்றதும் ஒரே சொல்தான் பாருங்கள். ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ‘வொர்த்’தோடு ‘ஷிப்’ ஒட்டி, ஒருவருக்கு உள்ள தகுதி, கௌரவம் என்ற பொருளில் பிறந்த சொல்தான் ‘வொர்ஷிப்’. சாமி கும்பிடுவது என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆங்கிலிகன் திருச்சபையின் 1549ஆம் வருடத்துப் பிரார்த்தனைப் புத்தகத்தில், கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போடும்போது ‘என் உடலால் உன்னை வொர்ஷிப் செய்கிறேன்’ என்று சொல்வார். பெண்டாட்டியைக் கும்பிடுகிறேன் என்பதல்ல, உனக்குரிய மரியாதையைத் தருகிறேன் என்பது. (கும்பிட்டாலும் தப்பில்லை என்று என் வீட்டில் ஒரு கருத்து இருக்கிறது.)

1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் இந்தப் பழைய பொருள் இருக்கிறது. லூக்கா 14ஆம் அதிகாரம், விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் உட்கார், அழைத்தவன் வந்து உன்னை மேலே கூப்பிடும்போது பந்தியில் இருப்பவர்கள் முன்னால் உனக்கு ‘வொர்ஷிப்’ கிடைக்கும் என்கிறது. தமிழ் பைபிள் அந்த இடத்தில் ‘உனக்குக் கனமுண்டாகும்’ என்று போட்டிருக்கிறது. கனம்! எடையும் அதுதான், கௌரவமும் அதுதான், ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்பதில் இருக்கும் கனம். மொழிபெயர்த்தவர் கையில் ஒரு தராசு இருந்திருக்கும்போல.

இது தெரியாததால்தான் நம் ஊரில் ‘வணக்கத்துக்குரிய மேயர்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் மேயருக்கு ‘வொர்ஷிப்ஃபுல்’ என்று அடைமொழி. கௌரவம் வாய்ந்தவர், அவ்வளவுதான். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கி மேயர் பதவி இங்கே வந்தது, அடைமொழியும் வந்தது, அதைத் தமிழாக்கும்போது யாரோ அகராதியில் முதல் பொருளை எடுத்துப் போட, குப்பை அள்ளவில்லை என்று புகார் கொடுக்கப் போகிறவர் மனுவின் தலையில் வணக்கம் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ‘மதிப்புக்குரிய மேயர்’ என்று போட்டிருந்தால் சொல்லும் சரியாக இருந்திருக்கும், வேரும் தப்பியிருக்காது.

லண்டனில் பொற்கொல்லர்களின் சங்கத்துக்கும் இதே ‘வொர்ஷிப்ஃபுல்’ பட்டம்தான். அவர்களுடைய மண்டபத்துக்கு நகையைக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்ற விதி 1478இல் வந்தது. ஹால் என்றால் மண்டபம், அங்கே குத்துகிற மார்க் ஹால்மார்க். நம் வீட்டுப் பெண்கள் வளையலைத் திருப்பித் திருப்பி லென்ஸ் வைத்துத் தேடுகிற அந்தக் குட்டி முத்திரைக்குப் பெயர் வந்த கதை அது. பாட்டியின் அட்டிகையில் அது இல்லை, அவர் காலத்தில் ஏது.

கூடவே ‘அப்ரைசர்’ பற்றியும் ஒரு வரி. லத்தீனில் ‘பிரெட்டியம்’ என்றால் விலை, ‘அப்ரைசர்’ அந்த வேரில் வந்ததுதான். ‘பிரைஸ்’ அதன் பேரன், புகழ்வது என்று பொருள்படும் ‘பிரெய்ஸ்’ஸும் பேரன், பரிசுக்குச் சொல்லும் ‘பிரைஸ்’ஸும் பேரன்தான். விலை சொல்வதும் புகழ்வதும் ஒரு காலத்தில் ஒரே வேலை. எங்கள் அப்ரைசர் முப்பது வருஷத்தில் ஒரு நகையையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பிள்ளைகள் ஹோட்டலுக்குப் போய்வந்து ‘காசுக்கு வொர்த்து’ என்கிறார்கள், படம் பார்த்துவிட்டு ‘வொர்த்தே இல்ல’ என்கிறார்கள். நிறைய பேர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் சொல்லைச் சரியான இடத்தில்தான் வைக்கிறார்கள் என்று படுகிறது. பில் இருநூற்று நாற்பது ரூபாய் என்பது பிரைஸ், அந்த பிரியாணி அவ்வளவு பெறுமா என்பது வொர்த். உங்கள் பக்கத்தில் குழம்பிப்போனது அவர்களுக்குத் தெளிவாக இருக்கிறது.

பதில் எழுதியவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இடம் இருந்தால் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில் ‘டியர்’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம், ‘டியர் சார்’ என்று கடிதத்தில் வருவதற்கும் விலை அதிகம் என்பதற்கும் அவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள், நம் ‘அருமை’யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கம் தாராளமாக நிரம்பும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைக்கடன் குமாஸ்தா,
கும்பகோணம்.