நெல்லிக்காய் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவ இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். வயது 54, சில வருடங்களாகச் சர்க்கரை உண்டு, காலையில் பல் தேய்த்தால் நுரை சிவப்பாக வருகிறது, கீழ் வரிசை முன்பல் ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று. தங்கள் நிபுணர் மூன்று வரியில் முடித்துவிட்டார். "ஐம்பதைத் தாண்டினால் பல் ஆடத்தான் செய்யும், கவலை வேண்டாம். தினம் ஒரு நெல்லிக்காய் சாப்பிடுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளியுங்கள்."

நெல்லிக்காய் மேல் எனக்குக் கோபம் இல்லை. வைட்டமின் சி அடியோடு இல்லாமல் போனால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், உண்மைதான். ஸ்கர்வி என்று பேர், மாதக்கணக்கில் கடலில் கிடந்த பழைய காலத்து மாலுமிகளுக்கு வந்தது. தங்கள் வாசகர் தான் மாலுமி என்று எழுதியிருக்கவில்லை. சர்க்கரை நோயாளி என்றுதான் எழுதியிருந்தார். பதிலில் சர்க்கரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் உத்தியோக காலம் முழுக்க மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் வாங்க வருபவர்களில் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள் என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். வாடைக்கு வெட்கப்பட்டு அப்படிப் பேசுவார்கள். கேட்டால், "ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கும்மா, கிராம்பு வச்சிருக்கேன்" என்பார்கள். இவர்களுக்கும் நெல்லிக்காய்தானா, ஐயா?

ஐம்பது வயதில் பல் ஆடுவது இயல்பு என்று எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால் அது காரையாக இறுகிப்போகும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கு நுனியால் தடவினால் சொரசொரவென்று இருக்குமே, அதுதான். அதன் மேல் குடியிருக்கும் கிருமிகளால் முதலில் ஈறு சிவந்து கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகி நடுவில் பை போல ஒரு குழி விழும், கீழே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. தங்கள் வாசகருக்கு ஆடுவது அந்த எலும்பு போன பல். வயதின் மேல் பழி போடுவது நிபுணருக்கு வசதி, அவ்வளவுதான்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள சம்பந்தம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1993இலேயே, கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் என்று சர்க்கரை கெடுக்கிறவற்றின் வரிசையில் ஈறு நோயை ஆறாவதாக வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார். இது இரண்டு பக்கமும் ஓடுகிற விவகாரம். இரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும், ஈறுப் புண் ஆறாது. ஆறாத புண்ணிலிருந்து வெளிப்படும் அழற்சிப் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, சர்க்கரை இன்னும் ஏறும். இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லிப் பல் பரிசோதனைக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று தன் வழிகாட்டுதலில் 2022இல் சேர்த்தது. அங்கே சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் காலில் சின்னக் கொப்புளம் என்றால் சட்டையைப் பிடிக்காத குறையாக அதட்டுகிற டாக்டர்கள், வாய்க்குள் வருடக்கணக்காக ஆறாமல் கிடக்கும் புண்ணை "ஆ" காட்டச் சொல்லிக்கூடப் பார்ப்பதில்லை.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று காலில் அதிர்வுக் கவை வைத்துப் பார்த்தார்கள், கண்ணுக்கு எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள், அப்புறம் இன்சுலின். "இனிப்பு சாப்பிடுகிறீர்கள், பொய் சொல்கிறீர்கள்" என்று திட்டு வேறு. அண்ணன் இனிப்பைத் தொடவில்லை. ஆனால் கடிக்க முடியாததால் கொத்தவரங்காய், கீரைத்தண்டு, கடலை, கொய்யா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குழைந்த சோறு, ரசத்தில் ஊறிய இட்லி, டீயில் நனைத்த பன் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். பல் போனால் சர்க்கரை ஏறுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. இது எந்த நிபுணர் பதிலிலும் வருவதில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் வடையோடு பல்லும் வந்துவிட்ட பிறகுதான் அவரைப் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அந்தப் பெண், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக எண் சொல்ல, உதவியாளர் எழுதினார். 3 வரை இருந்தால் சரி என்றார். அண்ணனுக்கு 6, 7 என்று போனது. கம்பி போன இடமெல்லாம் இரத்தம். நாலைந்து தடவையாக உட்கார வைத்து ஈறுக்கு அடியில் இருந்த காரையை எடுத்தார்கள். துப்பிய தண்ணீரில் கரும்பழுப்பு மணல் மாதிரி விழுந்தது. அடுத்த மூன்று மாத சராசரிப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாம் கிளீனிங்கால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அவர் காய்கறி மெல்ல ஆரம்பித்ததும் சேர்ந்திருக்கும். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2022இல் வந்தது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு அந்த மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்கிறது. அதிசயம் ஒன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்தவும் முடியாது. ஆனால் 0.4க்காக இரண்டாவது மாத்திரை எழுதுகிற நாட்டில் இது அற்பமும் இல்லை.

இதை எழுதும்போது பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது. போன வருடம் தாங்கள் அட்டையில் போட்டீர்களே, "பல் தேய்க்காதவரா? மாரடைப்பு காத்திருக்கிறது!" என்று. என் பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோயும் அதிகம் காணப்படுகிறது என்று 1989இல் பின்லாந்து ஆய்விலிருந்தே சொல்லி வருகிறார்கள், சரி. ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்றோ, ஈறைச் சரி செய்தால் மாரடைப்பு வராது என்றோ நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எல்லா ஆய்வுகளையும் அலசிச் சொன்னது. புகை, சர்க்கரை, வயது மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. அட்டையில் ஆச்சரியக்குறி போட்டவர்கள் உள்ளே இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். அன்று பயமுறுத்தினீர்கள், இன்று நெல்லிக்காய் கொடுத்து அனுப்புகிறீர்கள். நடுவில் ஒரு வழி இருப்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

இதய நோயாளிகளுக்கு நிஜமாகவே சொல்ல வேண்டியது வேறு. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் பல் பிடுங்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும். வாய்க் கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து, அதற்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினை, குளோபிடோகிரலைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும், நான் ஜன்னலிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம், புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் வருவது குறைவு, நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். "எனக்கு இரத்தமே வராது" என்று பெருமையாகச் சொல்கிறவருக்குத்தான் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் விவரமாக முன்பு ஒரு கடிதத்தில் எழுதினேன். தாங்கள் அதில் பிரசுரித்தது, "தங்கள் இதழின் மருத்துவப் பகுதி மிக அருமை" என்ற முதல் வரியை மட்டும். மிக்க நன்றி.

அதே கேள்வி-பதிலுக்கு நேர் கீழே, ஆடும் பல்லை இறுக்கும் பல்பொடி விளம்பரம். எலும்பு போன பல்லை எந்தப் பொடியும் இறுக்காது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், இடத்தையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். தீபாவளி மலரில் "சர்க்கரை நோயாளிகளுக்கான வெல்ல அதிரசம்" போட்டவர்களிடம் இதை எதிர்பார்ப்பது அதிகம்தானோ என்னவோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் என்று சொன்னது. வெல்லத்தைச் சர்க்கரையில் சேர்க்காமல் எண்ணினார்களோ?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இணைப்பில் அதே பகுதியில், அதே எழுத்து அளவில், அந்த 54 வயதுக்காரருக்கு ஐந்து வரி போடுங்கள். சிரமம் வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன்:

"பல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். சர்க்கரை இருப்பதையும் கடைசிப் பரிசோதனை எண்ணையும் சொல்லுங்கள். ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். காரை எடுத்தால் பல் ஆடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சர்க்கரை டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, ஈறு சிகிச்சை நடக்கிறது என்று தெரியப்படுத்துங்கள்."

நெல்லிக்காயையும் சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஐந்து வரியில் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தால் என் பெயரை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோ. விசாலாட்சி
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
மன்னார்குடி