ஸ்பைக் கார்டு உறுமலை நிறுத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஆடியோ கருவிகளுக்கான மின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தரமான பவர் கண்டிஷனர் (பிளக்குக்கும் கருவிக்கும் நடுவே வைக்கும் மின் வடிகட்டிப் பெட்டி) ஒன்றை மாட்டிவிட்டால் சர்ஜ் (திடீரென எகிறும் மின்னழுத்தம்), உறுமல், ரேடியோ இரைச்சல் மூன்றும் தீர்ந்துவிடும் என்று முடித்திருந்தது. தலைவலிக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே தைலம் சொன்ன மாதிரி இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வழியாக வருபவை. அதிலும் பின்னிரண்டு தொல்லைகள் பெரும்பாலும் சிக்னல் கேபிளிலும் ஸ்பீக்கர் வயரிலும் ஏறி வருகின்றன. பிளக்கில் எவ்வளவு செலவழித்தாலும் அவை அசையாது.

சர்ஜிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பைக் கார்டுக்குள் வேலை செய்வது எம்.ஓ.வி. எனப்படும் வேரிஸ்டர் வில்லை, வோல்டேஜ் எல்லை மீறும்போது மட்டும் மின்சாரத்தைக் கடத்துவது. 230 வோல்ட் இணைப்புக்கு வழக்கமாக 275 வோல்ட் ஏ.சி. வில்லையைப் போடுவார்கள். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சமே 325 வோல்ட் என்பதால், அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வில்லை கடத்தத் தொடங்க முடியும். சர்ஜ் அடிக்கும்போது அது சுமார் 700 வோல்ட்டில்தான் பிடித்து நிறுத்தும், அதுவும் மைக்ரோ விநாடிக் கணக்கில் மட்டும். நியூட்ரல் அறுந்து 300, 350 வோல்ட் தொடர்ந்து வந்தால் வில்லை சூடேறிக் கருகிவிடும். பக்கத்திலேயே வெப்ப ஃபியூஸ் இல்லாத மலிவுப் பெட்டிகள் தீப்பிடிப்பது இதனால்தான். நியூட்ரல் கோளாறுக்குத் தேவைப்படுவது வேறு கருவி: வோல்டேஜ் எல்லை தாண்டியதும் ரிலே மூலம் துண்டித்து, சீரான பிறகு சில நிமிடம் பொறுத்து இணைக்கும் ஓவர் வோல்டேஜ் காப்பான். வோல்டேஜ் எல்லை தாண்டினால் துண்டிக்கும் வசதி இல்லாத ஸ்டெபிலைசர் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுவது மட்டுமே அதன் வேலை. ரிலே வகையாக இருந்தால் டேப் (டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் இணைப்பு முனை) மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ஒரு 'டப்' கேட்கும்.

எம்.ஓ.வி. தேய்கிற பொருள் என்பதைக் கட்டுரை சொல்லவேயில்லை. வாங்கும் ஒவ்வொரு அடியிலும் அதன் கசிவு மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். முகப்பில் எரியும் பச்சை விளக்கு, வில்லை இன்னும் இணைப்பில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். எத்தனை அடி தாங்கும் என்று அதற்குத் தெரியாது.

வீட்டின் மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் காப்பான், கருவி அருகே டைப் 3 என இரண்டு அடுக்காக வைப்பதே சரி. போர்டில் உள்ள காப்பானின் இணைப்பு வயர்கள், எர்த் பக்கத்தையும் சேர்த்து, அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 8 மைக்ரோ விநாடியில் 5,000 ஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டரில் மட்டும் 600 வோல்ட்டுக்கு மேல் எழும்பி, வில்லை பிடித்து நிறுத்திய வோல்டேஜோடு சேர்ந்துகொள்ளும். போர்டில் அழகாக வளைத்து, நீளமாகக் கட்டிய வயர் பாதுகாப்பைப் பாதியாக்கிவிடும். ஆன்டெனா, கேபிள் டி.வி., நெட்வொர்க் கேபிள் ஆகியவற்றின் காப்பான்களும் மின் காப்பான் இருக்கும் இடத்திலேயே, அதே எர்த்தில் சேர வேண்டும். இல்லையென்றால் ஆன்டெனா வழியே நுழைந்த சர்ஜ், எர்த்துக்குப் போகிற வழியில் உங்கள் ரிசீவரைத்தான் கடக்கும். மின்னல் நேரத்தில் பிளக்கோடு ஆன்டெனாவையும் கழற்றிவிடுங்கள். அதற்கு ஈடான கருவி எந்தக் கடையிலும் இல்லை.

உறுமலுக்கு எர்த் பின்னைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தது அந்தக் கட்டுரை. அடுத்த இதழிலேயே இதற்குத் திருத்தம் வெளியிட வேண்டும். மூன்று பின் கருவியில் எர்த்தை நீக்கிய நிலையில் உள்ளே ஃபேஸ் வயர் உலோகப் பெட்டியைத் தொட்டால், பெட்டி முழுக்க 230 வோல்ட். கருவிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. சிக்னல் கேபிளின் ஷீல்டு (வெளிப்பக்க உலோக உறை) வழியாக அது மற்றக் கருவிகளுக்கும் பரவும். உறுமலின் காரணம் எர்த் இருப்பது அல்ல. இரண்டு கருவிகளின் பெட்டிகளுக்கு இடையே உள்ள சிறு வோல்டேஜ் வேறுபாடு ஷீல்டில் மின்னோட்டத்தை ஓட்டுகிறது, ஆர்.சி.ஏ. இணைப்பில் அந்த ஷீல்டே சிக்னலின் திரும்பு பாதையாகவும் இருக்கிறது. எனவே எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினாலே பல நேரம் குறையும். பிறகு ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக் கேபிள்கள் அத்தனையையும் கழற்றுங்கள். உறுமல் நிற்கவில்லை என்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருக்கிறது, பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கக்கூடும். நின்றால், ஒவ்வொரு கேபிளாக மாட்டிக்கொண்டே வாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி கேபிள் டி.வி. இணைப்பு. அதற்கு ஒரு கால்வனிக் ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு, நேரடி மின் இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி) போதும். மற்ற இடங்களில், இதே வேலையை ஆடியோ கேபிளில் செய்யும் லைன் லெவல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். மலிவானதில் தாழ்ந்த ஒலிகள் இளைத்துப்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரேடியோ இரைச்சலுக்குக் கட்டுரை ஒரே பத்தி ஒதுக்கியிருந்தது. அதிகம் சொல்ல வேண்டியது இங்கேதான். ஆம்ப்ளிஃபையரின் முதல் டிரான்சிஸ்டரில் உள்ள பேஸ்–எமிட்டர் சந்தி ஒரு டயோடு. கேபிள் ஆன்டெனாவாகிப் பிடித்துத் தரும் ரேடியோ அலையை அது ஒரு பக்கமாக மட்டும் கடத்தி (ரெக்டிஃபை செய்து), ஒலியாக்கிவிடும். மீடியம் வேவ் பேச்சு மெலிதாகக் கேட்பதும், ஜி.எஸ்.எம். போன் அழைப்பு வருமுன் 'டர்ர் டர்ர்' என்று 217 ஹெர்ட்ஸில் அதிர்வதும் இதே வழியில்தான். எல்.இ.டி. பல்பு, போன் அடாப்டர் போன்ற சுவிட்சிங் சாதனங்களின் குப்பையும் அப்படியே. இந்த ரேடியோ அலை ஸ்பீக்கர் வயரில் ஏறி, ஃபீட்பேக் பாதை வழியாகப் பின்னோக்கி உள்ளீட்டு நிலைக்குப் போவதும் உண்டு. வால்யூமைப் பூஜ்ஜியமாக்கியும் இரைச்சல் மாறவில்லை என்றால் முதலில் அந்த வயரைச் சந்தேகியுங்கள்.

மூலத்தைக் கண்டுபிடிக்கப் பேட்டரியில் ஓடும் ஏ.எம். ரேடியோ ஒன்று போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் டியூன் செய்து, அறை அறையாக நடந்து, இரைச்சல் கூடும் பக்கம் போங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் ரேடியோ அமைதியாகிறதோ அந்தச் சர்க்கியூட்டில் உள்ள அடாப்டர்களையும் பல்புகளையும் டிம்மரையும் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் ஒரு மலிவு அடாப்டர். அதை மாற்றுவது எந்த ஃபில்டரையும்விட நல்ல தீர்வு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ரேடியோ இரைந்தால் மூலம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

மாற்ற முடியாதபோது ஃபெரைட், அதாவது கேபிளில் ஏறும் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப் பீங்கான் வளையம். கேபிளில் ஒரே ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டு 'பயனில்லை' என்று சொல்பவர்கள் அதிகம். ஒரு முறை நுழைந்து போகும் கேபிள் எஃப்.எம். அலைவரிசையில் கொஞ்சம் உதவும், மீடியம் வேவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ரேடியோ அலைக்கு அது தரும் தடை, சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. ஏழு சுற்றுக்கு ஏறத்தாழ 49 மடங்கு. மிக்ஸ் 31 என்ற ஃபெரைட் கலவையாலான பெரிய வளையத்தில், 2.4 அங்குல வெளிவிட்டமுள்ளதாக இருந்தால் நல்லது, ஏழு சுற்றாவது சுற்றுங்கள். ஸ்பீக்கர் வயரின் இரண்டு இழைகளும் சேர்ந்தே நுழைய வேண்டும். ஒரு இழையை மட்டும் சுற்றினால் ஒலி மின்னோட்டமே வளையத்தைக் காந்தமாக்கும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில், சாக்கெட்டுக்கு மிக நெருக்கமாக வையுங்கள். பழைய கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையம் இரும்புத் தூள் வகை. இதற்கு உதவாது.

சாலிடரிங் தெரிந்தவர்கள் ஆம்ப்ளிஃபையர் உள்ளே ஆர்.சி.ஏ. சாக்கெட்டை ஒட்டி 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதன் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 பிக்கோ ஃபாரட் என்.பி.0 (மதிப்பு மாறாத வகை) செராமிக் கெப்பாசிட்டரையும் போடலாம். 340 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டத் தொடங்கும் இது. 20 கிலோ ஹெர்ட்ஸில் ஏற்படும் குறைவு ஒரு டெசிபலின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. கெப்பாசிட்டரின் கால்கள் நீளமாக இருந்தால் பயன் போய்விடும். ஷீல்டு நுழைந்த இடத்திலேயே பெட்டியில் சேர்கிறதா என்றும் பாருங்கள். அது சர்க்கியூட் போர்டின் கிரவுண்டுக்குள் அலைந்து திரிந்தால் இரைச்சலையும் உள்ளே கூட்டிப் போகும். தொழில்முறை ஆடியோவில் ஷீல்டு சேர்வது எக்ஸ்.எல்.ஆர். இணைப்பியின் முதல் பின்னில் என்பதால் இதை 'பின் 1 கோளாறு' என்பார்கள். ஆடியோ பொறியாளர் நீல் மன்ஸி 1995-இல் இதை விளக்கி எழுதினார், 2005-இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஏ.இ.எஸ். 48 தரநிலையாக வந்தது. வீட்டுக் கருவிகளில் இன்னும் பலவற்றில் இதைக் கவனிப்பதில்லை.

ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ உள்ளீட்டில் மட்டும் மேற்சொன்ன 1 கிலோ ஓமைப் போடாதீர்கள். அதன் வெப்ப இரைச்சலும் அந்த மெல்லிய சிக்னலோடு சேர்ந்துவிடும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியோடு காந்தம் அசையும் வகை) கேபிளும் உள்ளீடும் சேர்த்துத் தேவைப்படும் கெப்பாசிட்டன்ஸ் பொதுவாக 100 முதல் 300 பிக்கோ ஃபாரட் வரைதான். 470 பிக்கோ ஃபாரட்டைச் சேர்த்தால் மேல் ஒலிகள் திரிந்துபோகும். அங்கே ஃபெரைட் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஆடியோ கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்