கைத்தறிக் கடைக்கு ஓர் இணையத்தளம்

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். இங்கே அனைவரும் சுகம். கடல் அடங்கி, நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகுகள் ஓடத் தொடங்கிவிட்டன. எங்கள் விடுதியில் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

சரி, கடை விசயத்துக்கு வருகிறேன். இணையத்தளம் செய்து தருபவர் முகப்பில் பெரிய படங்களை ஓடவிடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் ரவி. சேலை என்ன விலை, கடை எங்கே, ஞாயிறு திறந்திருக்குமா, கொழும்புக்கு அனுப்புவீர்களா என்று பார்க்கத்தான் சனம் வரும். இவை திறந்தவுடன் கண்ணில் படவேண்டும். பாரமான படங்களால் பக்கமும் மெதுவாகும். ஒரு வினாடிக்குள் பக்கம் வந்தால் ஆளின் யோசனை அறுபடாது, பத்து வினாடி தாண்டினால் கவனம் போய்விடும் என்று, கணினியை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 1993இலேயே எழுதிவிட்டார்.

எங்கள் விருந்தினர் பலர் நடுவெயிலில் கடற்கரையில் நின்றுதான் எங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போன். படகு எத்தனை மணிக்கு, ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து அந்த வெயிலில் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது எல்லோரும் பயன்படுத்தக்கூடியபடி தளம் அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டியில் (WCAG) உள்ள அளவு. அதைக் கேட்டு வாங்கு. தொலைபேசி இலக்கத்தைத் தொட்டவுடன் அழைப்புப் போகவேண்டும். இலக்கத்தைப் படத்துக்குள் எழுதினால் அது நடக்காது.

படிவங்கள்தான் எனக்குக் கோபம் வரும் இடம். போன கிழமை அம்மாவுக்காக ஓரிடத்தில் ஒரு படிவம் நிரப்பினேன். அம்மாவின் அடையாள அட்டை பழையது, ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வி' எழுத்தும். அந்தப் பெட்டியோ பன்னிரண்டு இலக்கம்தான் ஏற்கும். சிவப்பில் 'பிழை' என்று ஒரே ஒரு சொல், நிரப்பியதெல்லாம் அழிந்துவிட்டது. எது பிழை, எப்படித் திருத்துவது என்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சொல்வதற்கு என்ன கஷ்டம்? உன் படிவத்தில் பெயருக்கு ஒரே பெட்டி வை. குடும்பப் பெயர் என்று தனியாகக் கேட்டால், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு எழுதும் நம் ஆட்கள் எதைப் போடுவார்கள்? பெயர், போன், முகவரி போதும்.

தமிழை மட்டும் விட்டுக்கொடுக்காதே. பாமினி எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே தந்துவிடாதே. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. எல்லாம் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் இருக்கட்டும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடச் சொல். நெருக்கி வைத்தால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டும்.

அப்புறம், மிச்சக் காசைக் கொடுக்க முன் மாமியிடம் போனைக் கொடுத்து, "ஒரு சேலையின் விலையைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேள். வாய் திறவாமல் பக்கத்தில் இரு. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் திருத்தவேண்டும். இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பதும் நீல்சன் சொன்னதுதான்.

மாதிரி தயாரானதும் எனக்கு அனுப்பு, என் போனில் பார்த்துச் சொல்கிறேன். ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோடு வா, அறை ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
குமார்
திருகோணமலை