உங்கள் காட்டேரிக்கு ஒரு வயிறு கொடுங்கள்

தமிழில் மாய உலகக் கதைகள் எழுதும் அனைவருக்கும்,

வணக்கம். நான் எழுத்தாளர் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரில், ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. யாரும் அவசரமாக வராத இரவுகளில் உங்கள் தொடர்கதைகள்தான் எனக்குத் துணை. பறக்கும் மலை, பேசும் வாள், கடலுக்கடியில் அரண்மனை, எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவேன். ரத்தக்காட்டேரி வரும் அத்தியாயத்தில்தான் மனசு ஒட்டமாட்டேன் என்கிறது. வெளிறிய முகம், கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு பல், ஒரு மிடறு. அதோடு பசி அடங்கி, கதாநாயகியிடம் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுகிறான்.

ஒரு மிடறு எந்த மூலைக்கு? தொழில் புத்தி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு லிட்டர் ரத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் புரதமான ஹீமோகுளோபின் 140, 150 கிராம் இருக்கும். பிளாஸ்மா என்ற மஞ்சள் திரவத்தில் இருக்கும் புரதம் இன்னொரு 40 கிராம். கொழுப்பு சில கிராம், சர்க்கரை ஒரே ஒரு கிராம். எல்லாம் சேர்த்து 800 கலோரி தேறினால் பெரிய விஷயம். உங்கள் காட்டேரி கூரைக்குக் கூரை தாவுகிறான், வாள் சண்டை போடுகிறான். அவனுக்கு நாளைக்கு 2000 கலோரி என்று குறைத்தே வைத்தாலும் இரண்டரை லிட்டர் வேண்டும். நாங்கள் ஒருவரிடம் ஒரு தடவைக்கு எடுப்பது 350 மில்லி. அப்படியானால் தினமும் ஏழு பேர். ஓர் ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். ஆக, யாரையும் கொல்லாமல் நல்லவனாக வாழ ஆசைப்படும் ஒற்றைக் காட்டேரிக்கு, ஆரோக்கியமான 630 ஆண்கள் முறை வைத்துக் கை நீட்ட வேண்டும். கெட்டவனாக இருந்தால் கணக்கு சுலபம். ஆளுக்கு 5 லிட்டர், இரண்டு நாளைக்கு ஓர் உயிர், வருஷத்துக்கு 180 பிணம்.

இப்போது சொல்லுங்கள், ஏழு காட்டேரிகள் வாழும் கோட்டையைச் சுற்றி எத்தனை கிராமம் இருக்க வேண்டும்? அந்த ஊர்களில் யார் முறைப்பட்டியல் எழுதுவார்? யாருக்கு விலக்கு? சோகை பிடித்த பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க எவ்வளவு லஞ்சம்? எனக்கு இதெல்லாம்தான் கதையாகத் தெரிகிறது. நீங்களோ கோட்டையின் ஜன்னல் திரையை மூன்று பத்தி வர்ணிக்கிறீர்கள்.

அப்புறம் இரும்பு. ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 500 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இரண்டரை லிட்டருக்கு ஒன்றேகால் கிராம். ஒரு மனித உடம்பில் மொத்தமாகவே இருப்பது மூன்று, நான்கு கிராம்தான். குடல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடாது, சரி. ஆனால் உள்ளே போன இரும்பை வெளியேற்ற நம் உடம்புக்குத் தனியாக ஒரு வழி கிடையாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகள் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவார்கள். ரத்தத்தால் உயிர் பிழைப்பவர்கள் என்றால் உண்மையில் அவர்கள்தான். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை இறக்கத் தனி மருந்து சாப்பிட வேண்டும். சரியாகச் சாப்பிடாவிட்டால் தோல் கறுக்கும். அளவுக்கு மீறி இரும்பு சேரும் பரம்பரை நோயிலும் தோல் வெண்கலம் போல ஆகும். ஆகவே நூறு வருஷம் ரத்தமே குடித்து வாழும் ஒருவன் வெளிறிப் போக வாய்ப்பே இல்லை. கறுத்து, ஈரல் வீங்கி, மூட்டு வலியோடு நடப்பான். வெளிறியிருப்பது அவனிடம் கடிபட்ட ஊர்.

வெளிறிய முகம் பழைய கதையிலும் கிடையாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1718இல் வடக்கு செர்பியா துருக்கியர் கையிலிருந்து ஆஸ்திரியாவிடம் போனது. எதற்கெடுத்தாலும் அறிக்கை எழுதும் அதிகாரிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். வாம்பயர், அதாவது ஐரோப்பிய ரத்தக்காட்டேரி, உலகப் புகழ் பெற்றது அந்த அறிக்கைகளால்தான். 1725இல் கிசிலியேவோ என்ற ஊரில் பெட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்துபோனார். அதன் பிறகு ஊரில் எட்டு நாளுக்குள் ஒன்பது பேர் அடுத்தடுத்துப் போனார்கள். கனவில் பெட்டர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது சொன்னார்களாம். குழியைத் தோண்ட அனுமதி தராவிட்டால் ஊரையே காலி செய்துகொண்டு போய்விடுவோம் என்று மக்கள் அதிகாரியிடம் சண்டை போட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் பாதிரியாரோடு போய் நின்றார். முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருக்கின்றன, பழைய தோல் உரிந்து புதுத்தோல் தெரிகிறது, வாயில் ஈர ரத்தம் என்று எழுதி அனுப்பினார்.

மேல்தோல் கழன்று விழுவதும், உள்ளே காற்று சேர்ந்து வயிறு உப்புவதும், அந்த அழுத்தத்தில் செந்நிற நீர் வாய், மூக்கு வழியாக வெளியேறுவதும் எந்தப் பிணத்துக்கும் நடப்பவை. விரல் தோல் சுருங்கினால் நகம் நீண்டது போலத் தெரியும். அந்தக் கிராமத்தார் முட்டாள்கள் இல்லை. கண்ணில் பட்டதைச் சரியாகவே பார்த்தார்கள், காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்தார்கள். அவர்களுடைய வாம்பயர் ஊதிப் பருத்துச் சிவந்தவன், பக்கத்து வீட்டுக்காரன். பிரபு வேஷம் 1819இல் ஓர் ஆங்கிலக் கதையில்தான் ஏறியது. வெயில் பட்டதும் அழிந்துபோவது அதற்கும் பின்னால், 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படத்தில். 1897இல் வந்த டிராகுலா நாவலில்கூட அந்தப் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். நீங்கள் தொன்மம் என்று நினைத்துக் கும்பிடுவது சினிமா.

இன்னும் ஒன்று. 1731, 32 வாக்கில் மெத்வேஜா என்ற ஊரில் சாவுகள் தொடர்ந்தன. ஆஸ்திரியப் படையின் மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் போய்க் குழிகளைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதினார். ஊர்க்காரர்கள் பழியைப் போட்டது, சில வருஷங்களுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த பாவ்லே என்பவர் மேல். அவரைத்தான் அப்போதே எரித்தாகிவிட்டதே, மறுபடி எப்படி வந்தது? அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது: பாவ்லே மாடுகளையும் கடித்திருந்தார், அந்த மாட்டுக்கறியைத் தின்றவர்கள் வாம்பயர் ஆனார்கள். இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொற்று எங்கிருந்து வந்தது, எதன் வழியாகப் பரவியது என்று வீடு வீடாகக் கேட்கும் சுகாதார ஆய்வாளர் போலவே யோசித்திருக்கிறார்கள். உங்கள் கதையில் ஏன் காட்டேரி எப்போதும் கழுத்து வழியாக மட்டுமே பரவுகிறான்? கறிக்கடை வழியாகப் பரவட்டுமே.

கடைசியில் 1755இல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனிடம் விசாரிக்கச் சொல்லி, பிணம் தோண்டுவதைத் தடை செய்தார். அரசாங்கம் அந்தப் பக்கம் இதை முடித்தது. கதைக்காரர்கள் இந்தப் பக்கம் ஆரம்பித்தார்கள்.

(பால்கன் பகுதி ரோமா மக்களிடம் பூசணிக்காயும் தர்பூசணியும்கூடப் பத்து நாளுக்கு மேல் வீட்டில் கிடந்தால் வாம்பயர் ஆகும் என்றொரு நம்பிக்கை இருந்திருக்கிறது. பல் இல்லாததால் ஆபத்து குறைவு. அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்கும் நாட்டில் இதை இன்னும் ஒருவரும் கதையாக எழுதவில்லை என்பது என் மனக்குறை.)

ரத்தம் மட்டுமே குடித்து வாழ்வது எப்படி என்று தெரிய வேண்டுமானால், அதைச் செய்யும் பிராணியையே கேட்கலாம். உலகத்தில் ரத்தம் குடிக்கும் வௌவால் மூன்றே வகை, மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். செர்பியக் கிழவி ஒருத்தியும் அதைப் பார்த்ததில்லை. வௌவாலைப் பார்த்து வாம்பயர் கதை பிறக்கவில்லை, கதையைப் பார்த்துத்தான் வௌவாலுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த அவசரத்தில் 1758இல், உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், பழம் தின்னும் ஒரு பெரிய வௌவாலுக்கு வாம்பயர் பெயரைச் சூட்டிவிட்டார். நம் பழைய கோயில் மண்டபங்களில் தொங்கும் ஒரு வகைக்குப் பொய் வாம்பயர் என்று பெயர். அது தவளை, எலி, பூச்சி தின்னும்.

உண்மையான ரத்த வௌவால் 30, 40 கிராம்தான் இருக்கும். உடம்பு எடையில் பாதி அளவு ரத்தத்தை ஒரே வேளையில் குடிக்கும். உறிஞ்சாது. கூரிய முன்பல்லால் தோலைச் சின்னதாகச் சீவிவிட்டு நாக்கால் நக்கும். எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் ரத்தத்தை உறைய விடாது. எந்த இடத்தில் ரத்தக்குழாய் தோலுக்கு அருகில் ஓடுகிறது என்பதை மூக்கில் உள்ள வெப்ப உணர்வால் கண்டுபிடிக்கும். ஊசி குத்த நரம்பு தேடித் தேடித் தடவும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. குடித்த கனத்தோடு பறக்க முடியாதே, அதனால் குடிக்கக் குடிக்கவே மூத்திரம் பெய்ய ஆரம்பித்துவிடும். தண்ணீரை இறக்கினால்தான் மேலே எழும்ப முடியும். மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் முடியவில்லை: ஜன்னல் வழியே பறந்து வெளியேறும் உங்கள் பிரபு, அதற்கு முன் எங்கே போனார்?

இரும்புப் பிரச்சினையையும் அது தன் வழியில் தீர்த்திருக்கிறது. 2022இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்த இனம் 13 மரபணுக்களை இழந்திருப்பதைக் காட்டியது. அதில் ஒன்றின் இழப்பு, குடல் அணுக்களில் இரும்பைத் தேக்கி அந்த அணுக்கள் உதிரும்போது வெளியே தள்ள உதவியிருக்கலாம் என்கிறார்கள். இனிப்புச் சுவையை அறியும் மரபணுவும் அதற்குப் பழுதாகிப்போனது. சர்க்கரை ஏறக்குறைய இல்லாத சாப்பாட்டுக்கு இனிப்பு நாக்கு எதற்கு? மனிதனாக இருந்தபோது அதிரசத்துக்கு உயிரை விட்டவன் காட்டேரி ஆன பிறகு அதன் ருசியை மறந்துபோகிறான் என்று எழுதிப் பாருங்கள். ஆயிரம் வருஷச் சோகம் பற்றிய உங்கள் வசனங்கள் அதன் பக்கத்தில் நிற்காது.

இதைவிட முக்கியமானது பட்டினி. இரண்டு, மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் அந்த வௌவால் செத்துவிடும். அதனால் குடித்துவிட்டு வந்த வௌவால், கிடைக்காமல் வந்ததற்குத் தன் வயிற்றிலிருந்து கக்கி ஊட்டும். சொந்தத்துக்கு ஊட்டும், முன்பு தனக்கு ஊட்டிய தோழிக்கும் ஊட்டும். உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன் இதைக் கோஸ்டா ரிகாவில் கவனித்து 1984இல் எழுதினார். ரத்த வௌவால் தனியாக வாழ்வது லேசில்லை என்று இதிலிருந்து எனக்குப் புரிகிறது. உங்கள் காட்டேரிகள் எல்லோரும் கோபுர உச்சியில் தனிமையில் வாடுகிறார்கள்.

பேய்க்கு வயிறு கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் அந்தப் பேய்களை முதலில் எவ்வளவு பட்டினி போடுகிறார்! பிறகு போர்க்களத்தில் கூழ் காய்ச்சச் சொல்லும்போது, யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டு வரச் சொல்கிறார். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் தனித்தனியாகக் கூழ் வார்க்கிறார்கள். பல் துலக்கும் பேயை நம்பாமல் இருக்க முடியுமா? வேதாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு வாம்பயர் என்று பெயர் போட்டுவிட்டார். நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு ரத்தம் ஊற்றுகிறீர்கள். அது பிணத்துக்குள் குடியிருந்து கதை சொல்லிப் புதிர் போடும். அதன் பசி பேச்சுப் பசி, அதை அப்படியே விடுங்கள்.

காட்டேரி என்ற சொல்லையும் பார்த்துக் கையாளச் சொல்வேன். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது எங்கள் ஆயா காட்டேரிக்குப் படையல் போட்டார். பிள்ளைத்தாய்ச்சியின் ரத்தத்தை அவள் கேட்பாள், முன்கூட்டியே அவள் வயிற்றை நிறைத்துவிட வேண்டும் என்பது ஆயாவின் கணக்கு. நான் அப்போது உள்ளுக்குள் சிரித்தேன். இரவில் எங்கள் கதவை ஓடிவந்து தட்டுகிறவர்களில் பலர் பிரசவ வார்டிலிருந்து வருகிறவர்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை, இரண்டு பை கொடுங்கள் என்று கை நடுங்க நிற்பார்கள். ஆயா எதற்குப் பயந்தார் என்பது எனக்கு அந்தக் கதவில்தான் விளங்கியது. எங்கள் வீட்டுக் காட்டேரிக்கு அங்கி கிடையாது, நீலக் கண் கிடையாது. பசி உண்டு, அவளுக்கென்று ஒரு முறை உண்டு, வேளைக்குப் படையல் உண்டு.

ரத்தத்தின் சிவப்புப் பொருள் உருவாவதில் கோளாறு வரும் போர்ஃபிரியா என்ற அரிய நோய்தான் வாம்பயர் கதைக்குக் காரணம் என்று முன்னுரையில் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 1985இல் ஒரு வேதியியலாளர் சொன்ன யூகம் அது. ரத்தம் குடித்தால் அந்த நோய்க்கு ஒரு பயனும் இல்லை. அந்த நோயோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்களைப் படிக்கிறவர்களிலும் இருக்கலாம்.

கடைசியாக, ரத்த வங்கியில் புகுந்து பை திருடும் காட்சி. இதுவரை நான்கு தொடர்களில் படித்துவிட்டேன். பையில் 350 மில்லி ரத்தத்தோடு 49 மில்லி உறையாமல் காக்கும் திரவம் சேர்ந்திருக்கும், அதில் சர்க்கரையும் உண்டு. 35 நாள் தாங்கும். 2இலிருந்து 6 டிகிரி குளிரில் இருப்பதை அப்படியே குடித்தால் பல் கூசும், அந்தப் பல்லுக்கு இன்னும் கூசும். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே ஃபிரிட்ஜ் அலாரம் அலறும். அடுத்த அறையில் கைபேசியில் கதை படித்துக்கொண்டிருக்கும் அம்மா எழுந்து வந்து, குரூப் என்ன, ரிக்வெஸ்ட் ஃபார்ம் எங்கே என்று கேட்பார்.

இப்படிக்கு,
இரவுப் பணியில் இருக்கும் ரத்த வங்கி ஊழியர் ஒருத்தி